ஷூவும் கிளவுஸும் நனைஞ்சிருச்சா? ஈரம் எந்தப் பக்கத்துலேருந்து வந்துச்சுன்னு மொதல்ல பாருங்க

திருநெல்வேலியில பொறந்து வளந்த நமக்கு ஈரம்னா ஒரே வைத்தியம்தான். மொட்டமாடியில கொண்டு போயி போட்டா மத்தியானத்துக்குள்ள மொறுமொறுன்னு காஞ்சிரும். மார்கழியில கூட இங்க 20 டிகிரிக்குக் கீழ எறங்குறது அபூர்வம்லா. இந்தப் பழக்கத்தோடயே டிசம்பர், ஜனவரியில இமயமலைப் பக்கம் பனியில நடக்கப் போற நம்ம ஊர்ப் புள்ளைங்க எல்லாரும் ஒரே எடத்துலதான் மாட்டிக்கிடுதாங்க. அங்கயும் வெயில் அடிக்கும், கண்ணு கூசுற மாதிரி அடிக்கும், ஆனா அது அடிக்கிற நேரம் பூரா நாம நடந்துக்கிட்டு இருப்போம், கேம்புக்குப் போயி ஷூவைக் கழட்டுற நேரம் பாத்து மலை நெழல் விழுந்துரும், அதுக்குப் பெறவு மைனஸ்தான். மொத நாள் நனைஞ்சது மூணாம் நாள் வரைக்கும் ஈரமாவே கெடக்கும்.

நான் குளிர்காலத்துல அஞ்சு தடவ போயிருக்கேன். ரெண்டு தடவ அம்பாசமுத்திரம், பாளையங்கோட்டைப் பசங்களைக் கூட்டிக்கிட்டு திருக்குறள் எக்ஸ்பிரஸ்ல டெல்லி, அங்கேருந்து டேராடூன், அங்கேருந்து சுமார் 200 கிலோமீட்டர் மலை ரோட்ல சாங்க்ரிங்கிற அடிவாரக் கிராமம், அப்புறம் உத்தராகண்ட்ல இருக்குற கேதார்காந்தா மலை. உச்சி 12,500 அடி. ராத்திரி மைனஸ் 10 கிட்ட போவும். இந்த அஞ்சு தடவையிலயும் யாருக்காவது கால் ஈரமாயி, கை மரத்து, பாதியில திரும்பலாமான்னு பேச்சு வந்திருக்கு. ஒவ்வொரு தடவையும் பழி ஷூ மேலதான் விழும். "பத்தாயிரம் ரூபா குடுத்து வாட்டர்புரூஃப்னு வாங்குனேன், ஏமாத்திட்டான்"னு. பாதிக்கு மேல ஷூ மேல தப்பே கெடையாது, தண்ணி வெளியேருந்து வரவே இல்ல. அதனாலதான் அறிகுறிய வச்சுப் பிரிச்சு எழுதுதேன். உங்களுக்கு என்ன நடக்குதோ அந்த எடத்தைப் படிச்சாப் போதும், ஆனா அடுத்து வர்ற மொத பகுதிய மட்டும் தாண்டிராதீங்க.

எதையும் செய்யுறதுக்கு முன்னாடி: கைய விட்டுத் தடவிப் பாருங்க

கேம்புக்கு வந்து ஷூவைக் கழட்டுன ஒடனே, கால் சூடு ஆறுறதுக்கு முன்னாடி, உள்ள கைய விடுங்க. விரல் நுனி வர்ற எடம், ரெண்டு பக்கச் செவுரு, நாக்கு சேர்ற மடிப்பு, குதிகால்னு ஒவ்வொண்ணாத் தடவுங்க. பெறவு இன்சோலை, அதாவது ஷூக்குள்ள பாதத்துக்கு அடியில கெடக்குற மெத்தையை, உருவி அதோட அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்க. எல்லா எடமும் ஒரே மாதிரி லேசா ஈரமா, வெதுவெதுன்னு இருந்தா அது வேர்வை. ஒரு எடம் மட்டும் சொதசொதன்னு குளுந்து இருந்தா அங்க ஓட்டை. மேல கணுக்கால் பக்கம் ஈரம், விரல் பக்கம் காஞ்சு இருந்தா பனி மேல் வாய் வழியா எறங்கியிருக்கு. இந்த மூணுக்கும் வைத்தியம் வேற வேற. ஒண்ணுக்குச் செய்யுறது இன்னொண்ணுக்கு ஒதவாது, சில சமயம் கேடாவும் முடியும்.

ஊர்லயே ஒரு சோதனை செஞ்சுட்டுப் போறது இன்னும் நல்லது. அகலமான பேசின்ல ஷூவோட முக்கால் உயரத்துக்குத் தண்ணி ஊத்தி, ஷூக்குள்ள பழைய பேப்பரைக் கசக்கித் திணிச்சு, ஒரு மணி நேரம் நிக்க வைங்க, மெதக்காம இருக்க மேல ஒரு கல்லை வச்சுக்கிடுங்க. பெறவு பேப்பரை உருவி விரிச்சுப் பாத்தா எந்தப் பக்கம் கறை விழுந்திருக்கோ அந்தப் பக்கம்தான் ஒழுகுது. பேப்பர் காஞ்சு வந்துச்சுன்னா உங்க ஷூ நல்லாருக்கு, மலையில ஈரம் வந்தா ஷூவைத் திட்டாதீங்க.

சாக்ஸ் முழுக்க ஈரம், ஆனா ஷூ வெளிய காஞ்சு கெடக்கு

இதுதான் அதிகம் நடக்குறது, அதனால இதை விரிவாச் சொல்லுதேன். இது உங்க வேர்வைதான். நம்ம உடம்பு நெல்லை வெக்கைக்குப் பழகுனது, ஏத்தத்துல பத்து நிமிஷம் நடந்தா ஊத்தெடுக்கும். வாட்டர்புரூஃப் ஷூக்குள்ள ஒரு மெல்லிசான சவ்வு இருக்கு, மெம்பரேன்னு சொல்லுவாங்க. கோர்டெக்ஸ்னு கேள்விப்பட்டிருப்பீங்க, 1969ல பாப் கோர்ங்கிறவர் ஒரு வகைப் பிளாஸ்டிக்கை வெடுக்குன்னு இழுத்தப்ப அது நுணுக்கமான ஓட்டைகளோட விரிஞ்சு கொடுத்ததுலேருந்து வந்தது. அந்த ஓட்டை வழியா தண்ணித் துளி உள்ள நுழைய முடியாது, வேர்வை ஆவி மட்டும் வெளிய போவும். ஆனா அது போறதுக்கு ஒரு வேகம் இருக்கு. நீங்க வேர்க்குற வேகம் அதை விட அதிகமா இருந்தா மிச்சம் உள்ளயே தங்கிரும். வெளிய மைனஸ்ல இருக்குற ஷூவோட உள்பக்கச் செவுத்துல ஆவி பட்டதும் தண்ணியாயிரும், குளுந்த சோடா பாட்டில் மேல முத்து முத்தா நிக்குற மாதிரிதான், இங்க பாட்டில் உங்க ஷூ.

சரி பண்றது எப்படி? மொதல் மருந்து நடை வேகத்தைக் கொறைக்குறது. வேர்க்க ஆரம்பிக்குறதுக்கு முன்னாடி ஜாக்கெட்டைக் கழட்டணும், வேர்த்ததுக்குப் பெறவு இல்ல. கிளம்பும்போது லேசா குளிருற மாதிரி இருந்தாத்தான் சரியான உடுப்பு. நம்மாட்கள் காலையில நடுங்கிக்கிட்டு நாலு உடுப்பையும் போட்டுக்கிட்டுத்தான் கிளம்புவாங்க, அரை மணி நேரத்துல உள்ள குளிச்சிருப்பாங்க, கால் வேர்வையும் அதுல சேந்ததுதான்.

ரெண்டாவது, பருத்தி சாக்ஸ் வேண்டவே வேண்டாம். நம்ம கரிசக்காட்டுப் பருத்தி நம்ம வெக்கைக்குத் தெய்வம் மாதிரி, வேர்வைய உறிஞ்சி குளுமையா வச்சிருக்கும், அந்தக் குளுமைதான் பனியில எதிரி. கம்பளி, அதாவது மெரினோ ஊல் சாக்ஸ் தன் எடையில மூணுல ஒரு பங்கு வரைக்கும் ஈரத்தை இழைக்குள்ள வாங்கிக்கிட்டும் தொட்டா காஞ்ச மாதிரியே இருக்கும். ரெண்டு ஜோடி நடக்க, ஒரு ஜோடி ராத்திரி தூங்க மட்டும். அந்த மூணாவது ஜோடிய என்ன ஆனாலும் நடக்கப் போடாதீங்க, ஸ்லீப்பிங் பேக்குக்குள்ளயே கெடக்கட்டும்.

மூணாவது, கிளம்புறதுக்கு ஒரு வாரம் முன்னாடிலேருந்து ராத்திரி படுக்கும்போது பாதத்துல வேர்வைய அடக்குற ஆன்ட்டி பெர்ஸ்பிரன்ட் தடவிட்டுப் படுங்க, அலுமினியம் சேந்தது, வெறும் வாசனை சென்ட் இல்ல. உள்ளங்கால் அதிகமா வேர்க்குறவங்களுக்கு இது நல்லா கேக்கும். வெடிப்பு, புண்ணு இருந்தா போடாதீங்க.

இதையெல்லாம் செஞ்சும் அடங்கலைன்னா கவர் வைத்தியம். மெல்லிசான சாக்ஸ் ஒண்ணு, அது மேல பிரெட் பாக்கெட் கவர், அது மேல தடிச்ச கம்பளி சாக்ஸ், பெறவு ஷூ. கவர் உள்ள இருக்குறதால வேர்வை கம்பளிக்கும் போவாது, ஷூவுக்கும் போவாது. கால் லேசா பிசுபிசுன்னு இருக்கும், ஆனா சூடா இருக்கும், ராத்திரி ஷூ காஞ்சு கெடக்கும். கேம்ப் போன ஒடனே கவரைக் கழட்டி, பாதத்தைத் தொடச்சு, விரல் இடுக்குல பவுடர் போட்டு, காத்தாட விடணும். கவரோட தூங்கக் கூடாது. ரொம்பக் கடுங்குளிருக்குத்தான் இது, பூஜ்யத்தை ஒட்டி இருக்குற நாள்ல கால் ஊறிப் போவும்.

இன்னொரு தப்பு, குளிருதுன்னு ரெண்டு தடிச்ச சாக்ஸைப் போட்டு ஷூவை இறுக்குறது. ரத்த ஓட்டம் நின்னா காஞ்ச சாக்ஸ்லயும் கால் சில்லுன்னு ஆயிரும். ஷூவுக்குள்ள விரலை மடக்கி நீட்ட எடம் இருக்கணும்.

ஒரு எடம் மட்டும் குளுந்து சொதசொதன்னு இருக்கு

இது நெசமாவே ஒழுகுறது. பெரும்பாலும் விரல் மடங்குற எடத்துல ஷூவோட ரெண்டு பக்கமும் மடிப்பு விழும்லா, அங்கதான் சவ்வு கிழியும். தையல் பிரிஞ்சிருந்தா ஊர்லயே சீம் சீலர்னு விக்குற பசையை நூல் வரிசை மேல தடவி ஒரு ராத்திரி காய விடலாம். சவ்வே கிழிஞ்சிட்டுன்னா வீட்ல தைச்சு ஒட்டுறதெல்லாம் நிக்காது, அந்த ஷூவைக் குத்தால மலைப்பக்கம் நடக்க வச்சுக்கிடுங்க, பனிக்கு வேண்டாம்.

மலையில நடுவுல தெரிஞ்சா அதே பிரெட் கவர்தான், ஆனா இப்ப வரிசை மாறும். தண்ணி வெளியேருந்து வருது, அதனால தடிச்ச சாக்ஸுக்கு மேல கவர் போடணும். வேர்வைக்குக் கவர் உள்ள, ஒழுகலுக்குக் கவர் வெளிய. இதை மாத்திப் போட்டா ஒழுகுற தண்ணிய கம்பளி சாக்ஸ் குடிச்சிட்டு நாள் பூரா கனத்துக்கிட்டு கெடக்கும். போன தடவ எங்க கூட வந்த தம்பிக்கு இதுதான் ஆச்சு, "அண்ணாச்சி, நீங்க சொன்ன மாதிரி கவர் போட்டேன், ஆனா கால் ஐஸா இருக்கு"ன்னான், கழட்டிப் பாத்தா ஒழுகுற ஷூவுக்கு உள் கவர் போட்டிருக்கான், ஒரு சாக்ஸைப் பிழிஞ்சா அரை டம்ளர் தண்ணி வரும் போல இருந்துச்சு. பாதையோரத்துலயே காஞ்ச சாக்ஸ் மாத்தி, வெளிக்கவரா போட்டு விட்டேன், முக்கா மணி நேரத்துல கால் சூடாயிட்டுன்னு சொன்னான்.

கணுக்கால் ஈரம், விரல் காய்ஞ்சு இருக்கு

பனி மேல் வாய் வழியா எறங்குது. கெய்ட்டர், அதாவது ஷூ வாயையும் கணுக்காலையும் சேத்து மூடுற உறை, போடுங்க, அவ்வளவுதான். சாங்க்ரியில வாடகைக்கே கெடைக்கும். வாங்கும்போது ஷூவுக்கு அடியில போற வாரு அறுந்திருக்கான்னு பாத்து வாங்குங்க, வாரு இல்லாத கெய்ட்டர் நாலு எட்டுல மேல ஏறிரும். மழை பேண்ட் போட்டிருந்தா பேண்ட் கெய்ட்டருக்கு மேல வெளிய தொங்கணும், உள்ள சொருகுனா பேண்ட்ல வழியுற தண்ணி நேரா ஷூக்குள்ளதான் வரும்.

டென்ட்டுக்குள்ள நுழையும்போது ஷூ, கெய்ட்டர், முழங்கால் எல்லாத்துலயும் ஒட்டியிருக்குற பனியைக் கையால தட்டிட்டு நுழையணும். மைனஸ்ல இருக்குற பனி மாவு மாதிரி உதிந்துரும். அப்படியே உள்ள கொண்டு வந்தா மூச்சுச் சூட்டுக்கு உருகி எல்லாத்தையும் நனைக்கும். மத்தியானம், பூஜ்யத்துக்குப் பக்கத்துல இருக்கும்போது விழுற பனிதான் மோசம், ஒட்டிக்கிட்டு ஒடனே தண்ணியாவும், அந்த நேரத்துல ஒக்காரதுக்கு ஒரு பாலித்தீன் ஷீட் கையில வச்சுக்கிடுங்க.

ஷூவோட வெளித்துணி கறுத்து, கனத்துப் போச்சு, உள்ள ஒழுகல

புது ஷூவுல தண்ணி பட்டா சேம்பு இலையில உருளுற மாதிரி முத்து முத்தா உருண்டு விழும். அது மேல பூசியிருக்குற ஒரு பூச்சு. நாள் ஆவ ஆவ சேறும் அழுக்கும் அதைத் தேச்சிரும், தண்ணி உருளாம துணியில ஊறும். சவ்வு தண்ணிய உள்ள விடாது, ஆனா வெளித்துணி நனைஞ்சு மூடிக்கிட்டா வேர்வை ஆவி வெளிய போக வழியில்ல. அதனால நீங்க உள்ள ஈரம்னு நெனைக்குறது மறுபடியும் வேர்வைதான்.

ஊர்ல வச்சே செய்யுங்க. பிரஷ் வச்சு வெறும் தண்ணியில கழுவணும், சோப்புத் தூள், கம்ஃபர்ட் மாதிரி துணிய மிருதுவாக்குற திரவம் எதுவும் வேண்டாம், அதோட மிச்சம் துணியில ஒட்டி தண்ணிய இழுக்கும். ஈரமா இருக்கும்போதே வாட்டர்புரூஃப் ஸ்பிரே அடிச்சு நெழல்ல காய விடுங்க.

வீட்ல பெரியவங்க விளக்கெண்ணெய் தடவச் சொல்லுவாங்க. எங்க தாத்தா தோல் செருப்புக்கு அப்படித்தான் தடவி வெயில்ல வைப்பார், அந்தத் தடிச்ச தோலுக்கு அது சரிதான். இந்த ஷூவுக்கு வேண்டாம், தோல் தொளதொளத்துப் போயி கணுக்காலுக்குப் பிடிமானம் போயிரும், ஆவி போற வழியும் அடைச்சிரும். தேங்கா எண்ணெய், நல்லெண்ணெய்க்கும் இதே பதில்தான்.

காலையில ஷூ கல்லா எறுகிப் போச்சு

ராத்திரி டென்ட் வாசல்ல விட்டிருப்பீங்க. லேசான ஈரம் இருந்தாலும் மைனஸ்ல ஷூ மரக்கட்டையாயிரும், கால் நுழையாது, நுழைஞ்சாலும் அந்தக் குளிரு காலோட சூட்டை மொத ஒரு மணி நேரத்துல குடிச்சிரும். தண்ணி காத்தை விட சுமார் 25 மடங்கு வேகமா சூட்டைக் கடத்துறது, அதனாலதான் ஈரக் குளிரு அவ்வளவு பொல்லாதது.

கழட்டும்போதே கயிறை முழுக்கத் தளத்தி நாக்கை வெளிய இழுத்து வாயை அகலமாத் தெறந்து வைங்க, எறுகுனாலும் கால் நுழையுற மாதிரியாவது இருக்கும். பனியைத் தட்டி, துணியால தொடச்சு, தண்ணி போவாத பையில போட்டு ஸ்லீப்பிங் பேக்கோட கால்மாட்டுல வைங்க. படுக்கும்போது வெந்நி பாட்டில் ஒண்ணை சாக்ஸுக்குள்ள நுழைச்சு ஷூக்குள்ள வச்சா ராத்திரி பூரா உள்ளேருந்து காயும். ஃபிளாஸ்க் ஆவாது, அது சூட்டை வெளிய விடாது. ஒத்தச் செவுரு உள்ள எவர்சில்வர் பாட்டிலோ கெட்டி பிளாஸ்டிக் பாட்டிலோ வேணும். மூடிய இறுக்கித் தலைகீழாப் பிடிச்சு ரெண்டு நிமிஷம் பாத்துட்டு வைங்க. சுகர் இருக்குறவங்க காலுக்குப் பக்கத்துல வெந்நி பாட்டில் வைக்க வேண்டாம், உணர்ச்சி கொறைவா இருந்தா சுட்டுப்போட்டதே தெரியாது.

ஈரமான மெல்லிசு சாக்ஸ், உள் கிளவுஸ் ரெண்டையும் பனியன் மேல வயித்துல வச்சுக்கிட்டுப் படுத்தா காலையில காஞ்சிருக்கும். தடிச்சதை வைக்காதீங்க, அது காயாது, அந்த ஈரம் பூரா ஸ்லீப்பிங் பேக்குக்குள்ள எறங்கி அதுல அடைச்சிருக்குற எறகு உருண்டை கட்டிரும், அப்ப தூக்கமும் போவும்.

நெருப்புல காட்டுனோம், அதுக்குப் பெறவு இப்படி ஆயிட்டு

நெருப்புக் கிட்ட காட்டுறது கூடவே கூடாதுங்க. கேம்ப்ல நெருப்பு போட்டிருப்பாங்க, ஈரத்தோட நிக்கும்போது மனசு இழுக்கும். நைலான் கிளவுஸ் நெருப்புல எரியுறதுக்கு முன்னாடியே உருகும், விரல் நுனி சுருங்கி முடிச்சாயிரும், பெறவு கை நுழையாது. ஷூவுல அடிப்பாகம் ஒட்டியிருக்குற பசை எளகிரும், தோல் வத்தி வெடிக்கும். நம்ம ஊர் சித்திரை வெயில்ல மொட்டமாடித் தளத்துல வச்சாலும் இதே கதிதான், தளத்துச் சூடு கால் வைக்க முடியாம இருக்கும்லா, அதே சூடு பசைக்கும்.

காய வைக்குற சரியான வழிய நான் கத்துக்கிட்டது பனியில இல்ல, ஊர்லதான். 2023 டிசம்பர் 17, 18 தேதியில மழை கொட்டுச்சே, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர்னு பதிவாச்சு, தாமிரபரணி ரோட்டு மேல ஏறி ஓடுச்சு, அப்ப எங்க வீட்டுக்குள்ளயும் தண்ணி வந்துட்டு. கட்டிலுக்கு அடியில இருந்த ரெண்டு ஜோடி ஷூவும் சேத்துத் தண்ணியில ஊறிக் கெடந்துச்சு. ஜனவரி கடைசியில டிக்கெட் எடுத்திருக்கோம். கரண்டு இல்ல, வெயில் இல்ல. நல்ல தண்ணியில சேத்தைக் கழுவி, இன்சோலையும் கயிறையும் உருவித் தனியா போட்டு, உள்ள பேப்பரைத் திணிச்சேன். மொத நாள் ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவ பேப்பர் மாத்தணும், ஏன்னா ஈரத்தைக் குடிச்ச பேப்பரை உள்ளயே விட்டா அது அந்த ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கிட்டு காய விடாது. எடுக்கும்போது பேப்பர் கூழா வரும், சாயங்காலம் ஆவ ஆவ நுனி மட்டும் ஈரமா வரும், மறுநாள் எடுத்தா சரசரன்னு சத்தம் கேக்கும். கரண்டு வந்ததும் ஸ்டூல் மேல ஷூவைச் சரிச்சு வச்சு வாய்க்கு நேரா டேபிள் ஃபேனை ரெண்டு நாள் ஓட விட்டேன். சூடே காட்டல. அந்த ஷூவுலதான் ஜனவரியில உச்சிக்குப் போயிட்டு வந்தேன், ஒழுகல, பசை விடல. காயணும்னா காத்துதான் வேணும், சூடு இல்ல.

மொத நாளே அடிப்பாகம் வாயைப் பொளந்துட்டு

ஷூ புதுசுதான், நாலு தடவ கூடப் போடல, ஆனா அஞ்சு வருஷமா பீரோ மேல பிளாஸ்டிக் கவர்ல கட்டி வச்சிருந்தேன்னு சொல்லுவாங்க. அதுதான் காரணம். நடுவுல மெத்துன்னு இருக்குற பாகம் பாலியூரித்தேன், காத்துல இருக்குற ஈரம் வருஷக்கணக்குல அதை உள்ளுக்குள்ளயே உடைச்சிரும், வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது, மலையில பத்தாவது நிமிஷம் புட்டு மாதிரி உதிரும். நம்ம பக்கம், குறிப்பா தூத்துக்குடி, திருச்செந்தூர் ஓரம் காத்துல ஈரம் அதிகம், மூடி வச்சா இன்னும் வேகமா நடக்கும். எனக்கே ஒரு ஜோடி இப்படிப் போயிருக்கு. பாளையங்கோட்டையில செருப்பு தைக்குறவர்கிட்ட கொண்டு போனேன், பெருவிரலால அந்த மெத்துன்னு இருக்குற எடத்தை அமுக்கிக் காட்டுனார், பள்ளம் விழுந்து திரும்பி வரல. "தம்பி, பசை பிடிக்கணும்னா பிடிக்குற எடம் உயிரோட இருக்கணும்லா, இது மண்ணாயிட்டு"ன்னார். அவர் சொன்னது சரி, நடுப்பாகம் உதிந்தா ஒட்டுறதுல பிரயோசனம் இல்ல. பசை மட்டும் விட்டு நடுப்பாகம் கெட்டியா இருந்தாத்தான் ஒட்டித் தைக்கலாம்.

மலையில நடந்துட்டா துணி டேப்பை விரல் பக்கத்துலயும் நடுவுலயும் சுத்தி, அது மேல கயிறை எட்டுப் போட்டுக் கட்டி, மேல மைக்ரோஸ்பைக்ஸ், அதாவது பனியில வழுக்காம இருக்க ஷூவுல மாட்டுற முள்ளுச் சங்கிலி, மாட்டுனா ரப்பர் வளையம் இறுக்கிப் பிடிச்சிக்கிடும், கீழ எறங்குற வரைக்கும் தாங்கும். டேப்பை முழு ரோலாக் கொண்டு போவ வேண்டாம், தண்ணி பாட்டில்ல நாலு சுத்து சுத்தி வச்சுக்கிட்டாப் போதும்.

கிளவுஸ் உள்ளேருந்து ஈரம்

கையும் கால் மாதிரிதான், வேர்க்கும். ஏத்தத்துல தடிச்ச கிளவுஸோட நடந்தா உள்ள நனைஞ்சிரும், உச்சிக்குப் போயி காத்து அடிக்கும்போது அந்த ஈரம் ஐஸாவும். அதனால ஒரே தடிச்ச ஜோடிய நம்பாதீங்க. மெல்லிசு உள் கிளவுஸ் ரெண்டு ஜோடி, நடுவுல கம்பளி இல்லைன்னா ஃபிளீஸ்னு சொல்லுற மெத்துன்னு இருக்குற செயற்கைத் துணி ஒண்ணு, எல்லாத்துக்கும் மேல தண்ணி போவாத பெரிய மிட்டன். ஏறும்போது மெல்லிசு மட்டும், நின்னதும் மேலத் தடிச்சது. மிட்டன்ல நாலு விரலும் ஒண்ணா இருக்குறதால ஒண்ணு மத்ததைச் சூடா வச்சிருக்கும்.

மேல் உறை வாங்க காசு இல்லைன்னா ஒரு யோசனை. தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துல ஐஸ் அள்ளுறவங்க உள்ள துணிக் கிளவுஸ், மேல தடிச்ச ரப்பர் கிளவுஸ் போட்டு நிக்குறதைப் பாத்திருக்கேன், விடியக்காலையிலேருந்து ஐஸ்லயே கெடக்குற கை அது. ஒரு சைஸ் பெரிய ரப்பர் கிளவுஸை ஃபிளீஸ் மேல மாட்டி நான் டென்ட் அடிக்க, பனி வாரப் பயன்படுத்தியிருக்கேன், ஒரு சொட்டு உள்ள வரல. ஆனா ரப்பர்ல ஆவி போவாது, வேலை முடிஞ்சதும் கழட்டிரணும், நடக்குறதுக்கு ஆவாது.

ஹாண்ட் வார்மர் பாக்கெட்டுல இருக்குறது இரும்புத்தூள், காத்து பட்டாத்தான் சூடாவும். ஈரக் கிளவுஸுக்குள்ள இறுக்கி அமுக்கி வச்சிட்டு சூடே வரலைன்னு தூக்கிப் போடாதீங்க, வெளிய எடுத்து ரெண்டு நிமிஷம் காத்தாட வச்சுட்டு மறுபடி வைங்க.

மணிக்கட்டு வழியா ஈரம்

கை என்ன வேலை செய்யுதுன்னு பாருங்க. பனி வாருறது, கம்பு ஊனுறதுன்னு கை கீழ தொங்குனா கிளவுஸ் வாய் ஜாக்கெட் கையை மூடி மேல இருக்கலாம், பனி உள்ள போவாது. ஆனா மழை பெய்யும்போது ஜாக்கெட் கை கிளவுஸுக்கு மேல வரணும், இல்லைன்னா வழியுற தண்ணி நேரா விரலுக்குப் போவும்.

போட்டோ எடுக்கக் கழட்டுற கிளவுஸைப் பனியில வைக்காதீங்க, குப்புறக் கவுத்தி ஜாக்கெட்டுக்குள்ள போடுங்க, இல்ல குழந்தைங்களுக்குக் கட்டுற மாதிரி மணிக்கட்டுல ஒரு கயிறு போட்டுத் தொங்க விடுங்க. காத்துல பறந்து போன ஒத்தக் கிளவுஸைத் தேடி யாரும் சரிவுல எறங்கக் கூடாது.

உள்ளங்கையில தோல் வச்ச கிளவுஸா இருந்தா நாட்டு மருந்துக் கடையில தேன்மெழுகு வாங்கி தோல் மேல தேச்சு, ஹேர் டிரையரைத் தள்ளி வச்சு லேசா சூடு காட்டுனா ஊறி உள்ள போவும். தையல் வரிசையில ரெண்டு தடவ தேய்ங்க.

உள்துணி சுருண்டு விரல் நுழைய மாட்டேங்குது

ஈரக் கையோட வெடுக்குன்னு இழுத்திருப்பீங்க. கரண்டிக் காம்பு மாதிரி மழுங்குன எதையாவது விட்டு ஒவ்வொரு விரலாத் தள்ளுங்க. கழட்டும்போது வெளிப்பக்கம் ஒவ்வொரு விரல் நுனியையும் லேசா இழுத்து விட்டுட்டு, கடைசியில மொத்தமா உருவணும்.

விரல் வெளுத்து, உணர்ச்சி இல்ல

இங்க ஷூவையும் கிளவுஸையும் விட்டுட்டு ஆளைப் பாருங்க. ஈரத்தைக் கழட்டி, காஞ்சதைப் போட்டு, கையை அவங்க அக்குளுக்குள்ள, காலைக் கூட வந்தவரோட வயித்துச் சூட்டுல வைங்க. கொஞ்ச நேரத்துல சுருக்கு சுருக்குன்னு வலியோட நெறம் திரும்புனா நல்லது, அன்னைக்கி மேல ஏற வேண்டாம். திரும்பலைன்னா, தோல் மெழுகு மாதிரி கெட்டியா இருந்தா, தேய்க்காதீங்க, பனி வச்சுத் தேய்க்கவே தேய்க்காதீங்க, நெருப்புல காட்டாதீங்க. 37லேருந்து 39 டிகிரி வெந்நியில முக்கி வைக்கணும், அதாவது கைப்புள்ளைய குளிப்பாட்டுற சூடு, வேற ஒருத்தர் முழங்கைய விட்டுப் பாத்துச் சொல்லணும், மரத்த கைக்குச் சூடு தெரியாது. ஆனா வழியில மறுபடி ஒறையும்னு தெரிஞ்சா உருக்கவே கூடாது, உருகி மறுபடி ஒறைஞ்சா சேதம் பல மடங்கு. கைடுகிட்டச் சொல்லி ஒடனே எறக்கி டாக்டர்கிட்டக் கொண்டு போங்க.

மைனஸ் போவாட்டியும் ஈரக் கால் கெடும். பூஜ்யத்துக்கு மேல, பத்துப் பதினஞ்சு டிகிரியில கூட ரெண்டு மூணு நாள் ஈரத்துலயே கெடந்தா பாதம் வெளுத்து ஊறி, மரத்து, பெறவு வீங்கி எரியும். மொத உலகப் போர்ல பதுங்குகுழித் தண்ணியில நின்ன சிப்பாய்களுக்கு வந்ததால அதுக்கு டிரெஞ்ச் ஃபூட்னு பேரு. அதனால எவ்வளவு அசதியா இருந்தாலும் ராத்திரி ஒரு தடவ கால் காய்ஞ்சே ஆவணும்.

ஊருக்கு வந்த பெறவு நாத்தம், பூசணம்

ரயில்ல ரெண்டு நாள் பைக்குள்ள ஈரத்தோட கெடந்ததுதான் காரணம். ஷூவைப் பைக்கு வெளிய தொங்க விட்டுக் கொண்டாங்க. வீட்ல கழுவி, பேப்பர் வச்சு, ஃபேன் காத்துல காய வச்சு, அடுப்புக்கரி நாலு துண்டை மெல்லிசு துணியில முடிஞ்சு உள்ள போடுங்க. பிளாஸ்டிக் கவர், டப்பா வேண்டாம். நான் பனையோலைப் பெட்டியில வைக்குதேன், ஓலை இடுக்குல காத்து போயிட்டு வரும், ஈர வாடை தங்காது. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ எடுத்து மாட்டிக்கிட்டு ஒரு மணி நேரம் நடக்குதேன், கழட்டுன ஒடனே நடுப்பாகத்தைப் பெருவிரலால அமுக்கிப் பாக்குதேன். மெத்துன்னு திரும்பி வருதான்னு.